கே பிளாக்கில் விழுந்த பந்துகள்

கே பிளாக்கில் முதல் பந்து விழுந்தது கீழ்த்தளத்து மாவுக்கடை தேசக்காவின் இட்லி மாவில். செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றே கால். கிரைண்டரை நிறுத்திவிட்டு மாவை வழித்துக் குண்டானில் தள்ளிக்கொண்டிருந்தவளுக்கு முன்னால், கூரையில் ஓட்டை எதுவும் இல்லாமலேயே, ஒரு கால்பந்து தொப்பென்று குண்டானுக்குள் விழுந்து, பாதி முங்கி, ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. தேசக்கா முகத்தில் தெறித்த மாவைத் துடைத்தாள், பந்தை எடுத்துக் கழுவினாள், தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள், வெளியே வந்து எந்த எருமை உதைத்தது என்று கேட்டாள். மைதானத்தில் ஒரு ஆள் இல்லை. உதைத்தது இவா என்ற பெண். ஆனால் அவள் மூன்றாவது மாடியில், கட்டில்மேல், கையில் கன்ட்ரோலரோடு உட்கார்ந்து, டிவிக்குள் காலைத் தூக்கிய தன் ஆளின் முன்னால் பந்தைக் காணாமல், எங்கேடா போச்சு என்று திரையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தாள்.

இவா என்கிற இவாஞ்சலினுக்குப் பதினெட்டு வயது. பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை, பதினொன்றாவதோடு நின்றுவிட்டாள், அதில் அதற்குமேல் கதை ஒன்றும் இல்லை. காலையில் கூரியர் குடோனில் பார்சல் பிரிப்பாள், மத்தியானம் வீட்டுக்கு வந்து, யாரோ பழசென்று விற்றுவிட்டுப் போன கேம் பெட்டியில் கால்பந்து ஆடுவாள், எங்கெங்கோ இருக்கிற ஆட்களோடு நெட்டில் மோதுவாள், பாதிக்கு மேல் தோற்பாள். தோற்பதற்குக் காரணம் அவள் கை இல்லை. நெட் லைன் நாலு வீடும் சேர்ந்து போட்டது. நெட் பெட்டி கீழே தேசக்காவின் மாவுக்கடையில் இருந்தது. அங்கிருந்து வைஃபை மேலே ஏறி, முதல் மாடியில் வெல்டிங் ஏழுமலை வீட்டைத் தாண்டி, இரண்டாவது மாடியில் ரமீஜாக்கா வீட்டைத் தாண்டி, மூன்று கான்கிரீட் தளத்தையும் முட்டி முட்டித் துளைத்து, மூச்சு வாங்கி இவாவின் வீட்டுக்கு வரும்போது, கொண்டுவந்ததில் பாதியை வழியிலேயே தொலைத்திருக்கும். காற்றில் தொலைந்தது எங்கேயாவது விழத்தானே வேண்டும் என்று பிளாக்கு ஒரே வாரத்தில் ஒத்துக்கொண்டது. ஏன், எப்படி என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. தண்ணி லாரி வேறு வந்துவிட்டது.

பந்துகள் வெதுவெதுப்பாக விழுந்தன, சூடான ஒயர் வாசனையோடு, கம்பெனிப் பெயர் இல்லாமல், தையல் இல்லாமல். ஒரு நாளைக்கு நாலு, இவா மோசமாக ஆடினால் ஏழு. பிளாக்கின் பெண் பிள்ளைகள் பதினொரு பேர் அதுவரை ஒரே ஒரு ஒட்டுப்போட்ட பந்தை வைத்துக்கொண்டு அதற்கே அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஆளுக்கொரு பந்தோடு மைதானத்தில் இறங்கினார்கள், பக்கத்து எல் பிளாக்கை ஐந்துக்கு ஒன்று என்று தோற்கடித்தார்கள். ஏழுமலையின் மனைவி கஸ்தூரி ஒரு பந்தை இரண்டாக அறுத்து மண் போட்டு மல்லிச் செடி வைத்தாள், அது பூத்தது, பூவில் வெட்டிய புல்லின் வாசனை வந்தது, அவள் அதையும் தலையில் வைத்துக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்வந்தாள். தேசக்கா குண்டானுக்கு ஒரு மூடி வாங்கினாள். இவ்வளவுதான் அவர்கள் ஆச்சரியப்பட்டது.

பந்து மட்டும் விழவில்லை. ஏழுமலை ஒரு நாள் குழம்பில் உப்பில்லை என்று கஸ்தூரியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது, அவன் மடியில், ஆட்டத்தில் நடுவர் எச்சரித்துக் காட்டுகிற மஞ்சள் அட்டை ஒன்று விழுந்தது. அவன் அதைப் பார்த்தான், கஸ்தூரியைப் பார்த்தான், ஏனென்றே தெரியாமல் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டான். அன்றிலிருந்து அட்டை கஸ்தூரியின் இடுப்பில். அவன் குரல் ஏறினால் எடுத்துக் காட்டுவாள், அவன் அடுத்த வேளைச் சோறு வரைக்கும் பேசமாட்டான். குழாயடியில் சண்டை வந்து குடம் உருண்டால் அட்டையை இரவல் வாங்கிக்கொண்டு போவார்கள். ஒருமுறை, ஆளையே வெளியே அனுப்புகிற சிவப்பு அட்டையும் விழுந்தது. அதைத் தொட யாருக்கும் தைரியம் வரவில்லை, தேசக்காதான் துணியால் பிடித்துத் தூக்கி சாமி படத்துக்குப் பின்னால் செருகினாள்.

ஆனால் கே பிளாக்கில் விழுந்ததிலேயே பெரியது ரமீஜாக்காவின் ஃப்ரிட்ஜுக்குள் விழுந்தது. ரமீஜாக்கா டெய்லர் கடைகளிலிருந்து ரவிக்கைகளை வாங்கிவந்து கொக்கி தைப்பவள், நாற்பத்தாறு வயது. கணவர் காசிம் பாய் லாரி டிரைவர், பதினைந்து நாளைக்கு ஒருமுறை வந்து, குளித்து, தூங்கி, போய்விடுவார். ஒரு நாள் அவள் பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தபோது உள்ளேயிருந்து எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று கைதட்டினார்கள். விசில், தாரை, தப்பட்டை, என்ன மொழியென்றே தெரியாத பாட்டு. இவாவின் டிவியில் கேட்டிருக்க வேண்டிய மைதானத்துச் சத்தம் முழுவதும் வழியில் தவறி அங்கே இறங்கியிருந்தது. ரமீஜாக்கா கதவைச் சாத்தினாள். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகத் திறந்தாள். எண்பதாயிரம் பேரும் போகவில்லை. அவள் பாலை எடுத்ததற்குத் தட்டினார்கள், எலுமிச்சம்பழம் எடுத்ததற்குத் தட்டினார்கள், மிச்சக் குழம்பை உள்ளே வைத்ததற்கு எழுந்து நின்று தட்டினார்கள். அவள் நிக்காஹ் அன்றைக்குக்கூட ஒருத்தரும் அவளுக்குக் கைதட்டியதில்லை. ஒரு மாதத்துக்குள் அவள் தலை வாரி, நல்ல புடவை கட்டிக்கொண்டுதான் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். கொக்கி தைக்கிற கை வேகமாயிற்று. முதுகு நிமிர்ந்தது. இதைப் பார்த்த பிளாக்கு, ஐஸ் கேட்கிற சாக்கில் வந்து தானும் கொஞ்சம் கைதட்டல் வாங்கிக்கொண்டு போனது.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், இவாவைத் தவிர.

பெரிய கால்பந்து கிளப் ஒன்று கேம் ஆடுகிறவர்களுக்கென்று ஒரு அணி ஆரம்பித்தது. நெட்டில் போட்டி நடத்தி, கடைசி ஆட்டத்தில் ஜெயிக்கிற ஒருவரை எடுத்துக்கொள்வார்கள். பயிற்சி, அணிச் சட்டை, மாதச் சம்பளம், எல்லாம் நிஜம். இவா பட்டனை அரை நொடி முன்னாலேயே அழுத்தப் பழகியிருந்தாள், தொலையப்போகிற பந்துக்கும் சேர்த்து ஓடப் பழகியிருந்தாள், அப்படியே பல்லைக் கடித்துக் கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆட்டம். எதிராளி, காத்துக்குப் பேர்போன ஆரல்வாய்மொழிக்காரன் ஒருவன், 'ஆரல் காத்து' என்று பெயர் வைத்திருந்தான், பெயருக்கு ஏற்ற மாதிரி ஆடுவான். வைஃபையை வைத்துக்கொண்டு அவனிடம் நிற்க முடியாது. கம்பி வேண்டும். கீழே இருக்கிற நெட் பெட்டியிலிருந்து மேலே இருக்கிற கேம் பெட்டிக்கு நேராக ஒரு கேபிள், நடுவில் காற்று இல்லாமல், சுவர் இல்லாமல், சிந்தாமல்.

அவளுக்கு வாழ்க்கையில் நன்றாக வருகிற காரியம் இது ஒன்றுதான். அவளுக்கு அது தெரியும். அவள் அம்மா பிலோமினாவுக்கும் தெரியும். போய்க் கேளு, நான் வந்து யார் காலிலும் விழமாட்டேன் என்று அம்மா சொன்னாள்.

கேட்காமல் கட்ட முடியாது, ஏனென்றால் கே பிளாக்கில் கொடிச் சட்டம் என்று ஒன்று இருந்தது. துணி காயப்போடுகிற கொடிக்காக எப்போதோ ரெண்டு குடும்பம் போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போய், அதற்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசி வைத்த சட்டம். யார் வீட்டு பால்கனி வழியாக எந்தக் கயிறு போனாலும் அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டும். சம்மதித்துவிட்டால் அந்தக் கயிற்றில் துணி போட அவர்களுக்கும் உரிமை உண்டு. கேபிள் மாவுக்கடையிலிருந்து கிளம்பி, தண்ணிக் குழாயைப் பிடித்து ஏறி, ஏழுமலையின் பால்கனியை நீளமாகக் கடந்து, அந்தப் பக்கத்துக் குழாயில் ஏறி, ரமீஜாக்காவின் பால்கனியை இந்தப் பக்கமாகத் திரும்பக் கடந்துதான் மேலே வர முடியும்.

குழாயடியில் கூட்டம் கூடியது. பிளாக்கு ஒரே காலையில் கம்பிக் கட்சி, காத்துக் கட்சி என்று இரண்டாகப் பிரிந்தது. கம்பி வந்தால் பந்து நின்றுவிடும் என்று பெண் பிள்ளைகள் அழுதார்கள். தேசக்கா, இப்போதுதான் மூடி வாங்கினேன் என்றாள். மஞ்சள் அட்டை அழுக்காகிவிட்டது, புதுசு விழும் என்று காத்திருக்கிறேன் என்று கஸ்தூரி சொன்னாள். கம்பிக் கட்சியில் உரக்கப் பேசியது ஏழுமலை மட்டும்தான், அவனுடைய காரணம் எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் மதிக்கவில்லை. கடைசியில் இவா குடத்தைக் கீழே வைத்தாள்.

"நான் தோத்தாதான் உங்களுக்குப் பந்து. எத்தினி நாளைக்கு நான் தோத்துக்கினே இருக்கிறது?"

தேசக்கா நிரம்பி வழிந்த குடத்தை நகர்த்தினாள். பிறகு கஸ்தூரி, கொஞ்சமா தோக்குற மாதிரி எதுனா வழி இல்லையா என்று நிஜமாகவே கேட்டாள். இல்லை என்றாள் இவா. சரி கட்டிக்கோ போ என்றாள் தேசக்கா. ஏழுமலை அன்றைக்கே கொக்கி அடிக்க ஏணி எடுத்துவந்தான். பிளாக்கு முழுக்க ஒத்துக்கொண்டது, ஒரு வீட்டைத் தவிர. ரமீஜாக்கா குழாயடிக்கே வரவில்லை.

இவா அவள் வீட்டுக்குப் போனாள். ரமீஜாக்கா தரையில் உட்கார்ந்து, ரவிக்கையை மடியில் போட்டு, தலையை நிமிர்த்தாமல் தைத்துக்கொண்டிருந்தாள்.

"கம்பி வந்தா இது நின்னுடுமா?" என்று ஃப்ரிட்ஜைப் பார்க்காமலே கேட்டாள்.

"நின்னுடும்க்கா."

"மொத்தமுமா?"

"மொத்தமும். கம்பியில எதுவும் சிந்தாது."

ரமீஜாக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "கொஞ்சம் கொஞ்சம் வரும்க்கான்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம்ல நீ?"

"சொல்லலாம். ஞாயித்துக்கெழம நாலு மணிக்குத் தெரிஞ்சிடுமே."

ரமீஜாக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததும் கோபம் வந்தது, சிரிக்க வைத்துவிட்டாளே என்று. அடுத்த கொக்கியைத் தைத்து முடித்தாள். "உனக்கு ஜெயிச்சா கைதட்டுவாங்க. எனக்கு ஜெயிக்கிறதுக்கு இன்னாடி இருக்குது?" என்றாள். இவா வாசலைவிட்டு நகரவில்லை. வாசலை மறித்துக்கொண்டு நின்றவளை ரமீஜாக்கா கடைசியில் ஏறிட்டுப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழம மட்டும். திங்கக்கெழம என் பால்கனியில கம்பி இருந்துச்சுன்னா கத்திரியால வெட்டிடுவேன்."

அவ்வளவு நீளத்துக்கு ஒரே கேபிள் கிடைக்கவில்லை. மூடிப்போன பிரவுசிங் சென்டர் ஒன்றில் கிடந்த இரண்டு பழைய கேபிள்களை இவா வாங்கிவந்து, நடுவில் ஒரு ஜாயின்ட் போட்டாள். ஜாயின்ட் விழுந்த இடம் ரமீஜாக்காவின் பால்கனி. ஒரு முனையில் பிளாஸ்டிக் நாக்கு உடைந்திருந்தது, அது இல்லாவிட்டால் கேபிள் தன் இடத்தில் நிற்காது, அதனால் ரவிக்கை நூலால் இறுக்கிக் கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இவா கேபிளைக் கேம் பெட்டியில் செருகிப் பட்டனை அழுத்தினாள். அழுத்தினதும் பந்து பறந்தது. அழுத்தினதும், அப்போதே. கைக்கும் காலுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. அவள் இத்தனை நாளும் யாரோ ஒருத்தியின் தோள்மேல் கையைப் போட்டுக்கொண்டு நடந்த மாதிரியும், இப்போதுதான் தன் காலில் இறங்கி ஓடுகிற மாதிரியும் இருந்தது. சத்தமாகச் சிரித்தாள். பிலோமினா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பாதியில் இவா இரண்டு கோல் போட்டாள். வீட்டில் நிற்க இடமில்லை, பெண் பிள்ளைகள் பதினொரு பேரும் கட்டிலுக்கு அடியில்வரை உட்கார்ந்திருந்தார்கள், காத்துக் கட்சிக்காரர்கள்தான் எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார்கள்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை கே பிளாக்கில் துவைக்கிற நாள். கஸ்தூரி தன் பால்கனியில் ஒரு கொடி சும்மா போவதைப் பார்த்தாள், சட்டப்படி தனக்கிருந்த உரிமையில் இரண்டு சட்டையும் ஒரு பாவாடையும் போட்டாள். அதனால் ஒன்றும் ஆகவில்லை. மேலே ரமீஜாக்கா, காசிம் பாய் லாரியில் விரித்துப் படுக்கிற ஜமுக்காளத்தைத் துவைத்துப் பிழிந்து எடுத்துவந்தாள், அண்ணாந்து பார்த்தாள், கயிறு இருந்தது, போட்டாள். கைப்பழக்கம். வேண்டுமென்றேதான் போட்டாள் என்று சொல்கிறவர்கள் கே பிளாக்கில் இன்றைக்கும் இருக்கிறார்கள். நனைந்த ஜமுக்காளத்தோடு நிற்கிற ஒரு பெண்ணுக்கு யோசிக்கிற அளவுக்குக் கையில் தெம்பு இருக்காது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எப்படியோ, நூல் அறுந்தது, ஜாயின்ட் கழன்றது, மேலே கேம் பெட்டி யாரையும் கேட்காமல் வைஃபைக்குத் தாவியது.

எழுபதாவது நிமிடம். இவாவின் ஆள் காலைத் தூக்கினான், பந்து இல்லை. கீழே எங்கோ தொப்பென்றது. ஆரல் காத்து ஒரு கோல் போட்டான். இவா கேபிளைப் பிடுங்கி மறுபடி செருகினாள், ஒன்றும் ஆகவில்லை. அவன் இன்னொன்று போட்டான். இரண்டுக்கு இரண்டு. திரையில் சிவப்பாக ஒரு வரி வந்தது: இணைப்பு மோசம், அறுபது நொடிக்குள் சரியாகாவிட்டால் ஆட்டம் எதிராளிக்கு. ஐம்பத்தொன்பது. ஐம்பத்தெட்டு. இவா ஜன்னலைப் பார்த்தாள், எழுந்து ஓடினால் கோல் விழும், ஓடாவிட்டால் நொடி தீரும். ஓடவில்லை. யாராவது போய்ப் பாருங்களேன் என்று கத்தினாள். பதினொரு பேரும் ஒரே கதவில் ஒரே சமயத்தில் நுழைந்து சிக்கிக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில் கீழே என்ன நடந்தது என்பதை ரமீஜாக்காவே பிறகு சொன்னாள். ஜமுக்காளத்தைப் போட்டுவிட்டு உள்ளே வந்து, தாகத்துக்கு எலுமிச்சம்பழம் எடுக்கலாம் என்று, மத்தியானத்திலிருந்து ஊமையாகிப்போன ஃப்ரிட்ஜைத் திறந்தாள். எண்பதாயிரம் பேர். மத்தியானத்திலிருந்து பார்க்காததற்கும் சேர்த்துத் தட்டினார்கள். அவள் உடம்பெல்லாம் சிலிர்த்துப்போய் நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாய் என்று கேட்டால், மூணு கைதட்டு நேரம் என்பாள். பிறகு அவளுக்கு ஒன்று உறைத்தது: இது இங்கே கேட்கிறதென்றால் மேலே கேட்கவில்லை. எலுமிச்சம்பழம் எடுக்காமலே கதவைச் சாத்தினாள். எண்பதாயிரம் பேர் கைதட்டிக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் முகத்தில் அடித்த மாதிரி சாத்தினாள். பால்கனிக்கு ஓடினாள், காலடியில் வெதுவெதுப்பாகக் கிடந்த பந்தை எட்டி உதைத்தாள், ஜமுக்காளத்தை உருவித் தரையில் போட்டாள், கழன்ற முனையை ஜாயின்டில் செருகினாள். கையை எடுத்தால் நழுவியது. அதனால் எடுக்கவில்லை. இரண்டு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஈரச் சேலையோடு, ஆட்டம் முடிகிற வரைக்கும் அப்படியே நின்றாள். உள்ளே காசிம் பாயின் போன் அடித்து அடித்து நின்றது.

மேலே எண்ணிக்கை பதினேழுக்கு இறங்கியபோது சிவப்பு வரி அழிந்தது. அதற்குப் பிறகு சொல்ல அதிகமில்லை. இவாவின் காலில் பந்து வந்தது, அவள் யாருக்கும் கொடுக்கவில்லை, தொண்ணூறாவது நிமிடத்தில் மூன்றாவது கோல் போட்டாள். பிளாக்கு போட்ட சத்தத்தில் எல் பிளாக்கிலிருந்து, கரண்ட் போய்விட்டதா என்று கேட்டு ஆள் வந்தது. ஆரல் காத்து நல்லவன், ஒரு மெசேஜ் போட்டான்: நன்றாக ஆடினீர்கள், நடுவில் பத்து நிமிடம் உங்களுக்கு என்ன ஆயிற்று? இவா 'ஜமுக்காளம்' என்று மட்டும் அனுப்பினாள். விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை, இரண்டு இரண்டு படியாகக் கீழே இறங்கினாள்.

ரமீஜாக்கா இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள். முடிந்துவிட்டது, விடலாம் என்று யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

"ஜெயிச்சியா?"

"ஜெயிச்சிட்டேன்க்கா. கைய விடு."

"மரத்துப்போச்சுடி. நீயே எடுத்து வுடு."

இவா அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள். சொன்ன சொல்படி அன்று சாயங்காலமே கேபிளைக் கழற்றிச் சுருட்டினாள்.

கிளப்பில் இடம் கிடைத்தது. வாரத்தில் நாலு நாள் மத்தியானம் அவர்கள் இடத்திலேயே பயிற்சி, அங்கே எல்லாமே கம்பி. அதனால் அந்த நாலு நாளும் மூன்றாவது மாடியில் கேம் பெட்டி சும்மா கிடந்தது, கே பிளாக்கில் எதுவும் விழவில்லை, தேசக்கா மூடியைத் திறந்து வைத்து மாவைப் பார்த்தாள். இரண்டாவது வாரம் ரமீஜாக்கா தைக்க வேண்டிய ரவிக்கைகளைக் கட்டி வைத்துவிட்டு மேலே ஏறிவந்து, அந்த ரிமோட்டில் எது உதைக்கிறது என்று கேட்டாள். இவா செருப்பு மாட்டிக்கொண்டே மூன்று நிமிடம் காட்டிக்கொடுத்தாள். இது உதை, இது ஓட்டம், இதைத் தொடாதே. பயிற்சிக்கு நேரமாகிவிட்டது.

ரமீஜாக்கா பதினொன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றாள். வைஃபையில்தான் ஆடினாள்; கம்பி போடவா என்று இவா கேட்டதற்கு, உனக்கென்ன பைத்தியமா என்றாள். அவள் உதைத்ததில் முக்கால்வாசி வழியில் தொலைந்தது. அன்று ஒரே மத்தியானத்தில் இருபத்திரண்டு பந்து விழுந்தது, கஸ்தூரிக்குப் புது மஞ்சள் அட்டை இரண்டு கிடைத்தது, ஏழுமலை அன்று முழுக்கப் பேசவில்லை. ஆளில்லாத இரண்டாவது மாடி வீட்டில், மூடிய ஃப்ரிட்ஜுக்குள், எண்பதாயிரம் பேர் பாலுக்கும் தயிருக்கும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். ரமீஜாக்கா கேட்கப் போகவில்லை. அடுத்த நாளும் வந்தாள், அதற்கடுத்த நாளும் வந்தாள், கொக்கி தைத்த விரல் ஆயிற்றே, பட்டன் அவளுக்குச் சீக்கிரம் பழகியது. ஒன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்றாள். ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றாள்.

ஒரு வெள்ளிக்கிழமை இவா பயிற்சி முடிந்து வந்தாள். ஐந்து மணிக்கு அவளுக்கே ஒரு ஆட்டம் இருந்தது, இன்னும் சட்டைகூட மாற்றவில்லை. கதவைத் தள்ளினால், டிவியில் நாலுக்கு ஒன்று என்று இருந்தது. அந்த ஒன்று ரமீஜாக்காவுடையது. தொலையாமல், சிந்தாமல், மூன்று தளத்தையும் தாண்டி, ஒரு பந்து எப்படியோ முழுசாக மேலே வந்து சேர்ந்திருந்தது, அதோடு சத்தமும் வந்திருந்தது. ரமீஜாக்கா கட்டில்மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எந்திரி. எனக்கு மேட்ச் இருக்குது, நேரமாச்சு."

"இருடி," என்றாள் ரமீஜாக்கா, திரும்பாமல். "அவங்க இன்னும் கைதட்டி முடிக்கல."